இரண்டாண்டுப் படிப்பின் விலை: செண்டாயான் வட்டாரத்தில் தொழில்நுட்பக் கல்வியின் வரவும் செலவும்

நெகிரி செம்பிலானில் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே, ஒரு காலத்தில் ரப்பரும் பின்னர் செம்பனையும் நிரைநிரையாக நின்ற செண்டாயான் வட்டாரத்தில், இன்று மேட்ரிக்ஸ் கான்செப்ட்ஸ் நிறுவனம் ஐயாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் எழுப்பிவரும் பண்டார் ஸ்ரீ செண்டாயான் நகரியமும், அதையொட்டிய செண்டாயான் டெக்வேலி தொழிற்பேட்டையும், கோலாலம்பூரின் சுங்கை பெசியிலிருந்து 2018இல் இடம்பெயர்ந்த விமானப்படைத் தளமும் அமைந்துள்ளன. விமானங்களுக்கான கார்பன் பிரேக்குகளைச் செய்யும் பிரெஞ்சு நிறுவனமான சஃப்ரானின் ஆலையும், ஜப்பானிய ஹினோ லாரிகளைப் பொருத்தும் ஆலையும் இந்தத் தொழிற்பேட்டையில் இயங்குகின்றன. சற்றுத் தள்ளிச் செனாவாங்கிலும் துவாங்கு ஜாபார் தொழிற்பேட்டையிலும் மின்னணு ஆலைகள் பல பத்தாண்டுகளாகவே உள்ளன. மம்பாவ், ரந்தாவ், சிலியாவ், லாபு ஆகிய ஊர்களைச் சுற்றிய தோட்டங்களில் பிறந்து, எஸ்.பி.எம். என்னும் ஐந்தாம் படிவத் தேர்வை முடித்து வெளியே வரும் தமிழ்ப் பிள்ளைக்கு வேலை என்பது இப்போது வெகுதொலைவில் இருக்கும் ஒன்றன்று. மோட்டார் சைக்கிளில் அரைமணி நேரத்தில் எட்டிவிடக்கூடிய ஆலை வாசலில் அது காத்திருக்கிறது. ஆனால் அந்த வாசலுக்குள் இரண்டு வரிசைகள் உண்டு. எந்தப் பயிற்சியும் இன்றி அடுத்த திங்கட்கிழமையே சேர்ந்துவிடக்கூடிய ஆப்பரேட்டர் வரிசை ஒன்று. இயந்திரத்தைப் பழுதுபார்க்கவும் அளவுகளைச் சரிசெய்யவும் அதிகாரம் பெற்ற டெக்னீஷியன் வரிசை மற்றொன்று. முதல் வரிசையிலிருந்து இரண்டாவதற்கு மாற ஏறக்குறைய இரண்டாண்டுத் தொழில்நுட்பப் படிப்பு தேவைப்படுகிறது. அந்த இரண்டாண்டுக்கு உண்மையில் என்ன விலை, அது எத்தனை காலத்தில் திரும்பி வரும் என்பதைப் பெற்றோரும் பிள்ளைகளும் முறையாகக் கணக்கிட்டுப் பார்ப்பது அரிதாகவே நிகழ்கிறது.

அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகள் வழங்கும் ஈராண்டுப் பட்டத்துக்கு மலேசியாவில் அப்படியே ஈடான ஒன்று இல்லை. அதன் இடத்தைப் பல கிளைகளாகப் பிரிந்த ஒரு கல்வி முறை நிரப்புகிறது. தொழில்நுட்பக் கல்வியையும் தொழிற்பயிற்சியையும் சேர்த்துக் குறிக்கும் 'திவெட்' என்னும் சுருக்கப் பெயரின்கீழ், 2 ஆண்டுகளில் முடியும் சமுதாயக் கல்லூரிச் சான்றிதழ், ஐந்தாறு பருவங்கள் நீளும் பாலிடெக்னிக் டிப்ளோமா, மனிதவள அமைச்சின் தொழிற்பயிற்சிக் கழகங்கள் அளிக்கும் எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ், மூன்றாம் படிவத்துக்குப் பின் சேர்ந்து நான்காண்டு பயிலும் தொழிற்கல்லூரி டிப்ளோமா ஆகியவை அடங்குகின்றன. இவை எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் வைக்கும் மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் மொத்தம் 8 படிகள் உள்ளன, அவற்றுள் எஸ்.கே.எம். சான்றிதழ் முதல் மூன்று படிகளிலும், டிப்ளோமா நான்காம் படியிலும், இளங்கலைப் பட்டம் ஆறாம் படியிலும் அமைகின்றன. சிரம்பான் வட்டாரப் பிள்ளைகளுக்கு எட்டும் தூரத்தில் உள்ளவற்றைச் சொல்வதானால், 1990இல் தொடங்கப்பட்டுச் சி ரூசா கடற்கரைச் சாலையில் இயங்கும் போர்ட்டிக்சன் பாலிடெக்னிக், சிரம்பானின் அம்பாங்கான் தொழிற்கல்லூரி, ஜெலுபு சமுதாயக் கல்லூரி ஆகியவற்றோடு, ம.இ.கா. கட்சியின் கல்வி அமைப்பான எம்.ஐ.இ.டி. சிரம்பானில் தொடங்கிய தேஃப் கல்லூரியையும் குறிப்பிடலாம்.

படிப்புக்கு என்ன செலவாகும் என்று கேட்டால் பெரும்பாலோர் கல்லூரிக் கட்டணத்தையே சொல்வார்கள். அரசாங்கப் பாலிடெக்னிக்கிலும் சமுதாயக் கல்லூரியிலும் ஒரு பருவத்துக்கான படிப்புக் கட்டணம் 200 ரிங்கிட்தான். நான்கு பருவங்களுக்கு 800 ரிங்கிட் என்பது ஒரு நடுத்தரக் கைப்பேசியின் விலை. பொருளியல் நூல்கள் 'வாய்ப்புச் செலவு' என்று அழைப்பது வேறொன்று: ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால் கைவிட நேரும் மற்றொன்றின் பயன். படிக்கப் போகும் பதினெட்டு வயதுப் பிள்ளை அந்த இரண்டாண்டில் ஆலையில் சம்பாதித்திருக்கக்கூடிய சம்பளமே படிப்பின் மிகப் பெரிய செலவாகும். இது யாருடைய பையிலிருந்தும் எடுத்துக் கொடுக்கப்படாத பணம் என்பதால் ரசீதில் வருவதில்லை. ஆயினும் மாத இறுதியில் மளிகைக் கடைப் பாக்கியைத் தீர்க்க ஒரு சம்பளம் குறைகிறது என்பதைத் தோட்டப்புறத் தாய்மார்கள் எந்தப் பொருளியல் நூலையும் படிக்காமலேயே நன்கு அறிவார்கள்.

அந்தத் தொகையை எண்ணாக்கிப் பார்க்கலாம். மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்துள்ளது. இதனுடன் முதலாளி கட்டவேண்டிய ஊழியர் சேமநிதி, அதாவது தொழிலாளியின் ஓய்வுக்காலத்துக்கென ஒதுக்கப்படும் கட்டாயச் சேமிப்பு, சம்பளத்தில் 13 விழுக்காடாகும். 1,700 ரிங்கிட்டுக்கு அது 221 ரிங்கிட். தொழிலாளி தன் பங்காகச் செலுத்தும் 11 விழுக்காடு சம்பளத்திலிருந்தே பிடிக்கப்படுவதால் அதைத் தனியாகக் கூட்டவேண்டியதில்லை. ஆக, வேலைக்குப் போயிருந்தால் மாதம் 1,921 ரிங்கிட் வீதம் 24 மாதங்களில் 46,104 ரிங்கிட் சேர்ந்திருக்கும். கட்டணமான 800 ரிங்கிட்டையும் கூட்டினால் 46,904. கட்டணம் இதில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. எனவே 'இலவசப் படிப்பு' என்று விளம்பரப்படுத்தப்படும் எந்தப் படிப்பும் இந்தக் கணக்கில் இலவசமாவதில்லை. கட்டணம் தள்ளுபடியாவதைக் காட்டிலும் படிப்புக் காலம் ஆறு மாதம் குறைவது குடும்பத்துக்குப் பன்மடங்கு பெரிய உதவியாகும். உணவுச் செலவை இதில் சேர்ப்பது தவறு. பிள்ளை வேலைக்குப் போனாலும் சாப்பிடத்தான் வேண்டும். விடுதிக் கட்டணம், பேருந்துச் சேவை மெலிந்த இவ்வட்டாரத்தில் தவிர்க்கமுடியாத மோட்டார் சைக்கிள், கருவிகள், பாதுகாப்புக் காலணி ஆகியவற்றில் படிப்பால் மட்டும் கூடும் பகுதியையே சேர்க்கவேண்டும்.

இனி வரவு. படித்து முடித்தவர் ஆப்பரேட்டரைவிட மாதம் 500 ரிங்கிட் கூடுதலாகப் பெறுகிறார் என்று ஓர் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொண்டால், சேமநிதிப் பங்கையும் சேர்த்து ஆண்டுக்கு 6,780 ரிங்கிட் கூடுதல் வருமானம் கிடைக்கும். இழந்த 46,904 ரிங்கிட்டை அது ஏறக்குறைய 7 ஆண்டுகளில் மீட்டுத்தரும். இதையே 'மீட்புக் காலம்' என்பார்கள். அந்த வித்தியாசம் 300 ரிங்கிட்டாகச் சுருங்கினால் மீட்புக் காலம் பதினொன்றரை ஆண்டாக நீள்கிறது. 1,000 ரிங்கிட்டாக விரிந்தால் மூன்றரை ஆண்டாகக் குறுகுகிறது. அரசாங்கக் கல்லூரிக்குப் பதிலாகத் தனியார் கல்லூரியில் 25,000 ரிங்கிட் கட்டணத்துக்குப் படித்து, அதே 500 ரிங்கிட் வித்தியாசத்தைப் பெற்றால், மீட்புக் காலம் பத்தரை ஆண்டு. ஒரே பெயர் தாங்கிய இரண்டு டிப்ளோமாக்களில் ஒன்று 27 வயதில் கணக்கைத் தீர்த்துவிட, மற்றொன்று 30 வயதிலும் கடனைக் காட்டிக்கொண்டிருப்பது இதனால்தான்.

இந்தக் கணக்கு இன்னும் சற்றுக் கடுமையாக்கப்பட வேண்டும், ஏனெனில் இன்று கையில் கிடைக்கும் 100 ரிங்கிட்டும் பத்தாண்டு கழித்துக் கிடைக்கும் 100 ரிங்கிட்டும் ஒன்றல்ல. இன்றைய பணத்தைச் சேமநிதியில் வைத்தால் அது வளர்கிறது. 2023இல் சேமநிதி வாரியம் 5.5 விழுக்காடும் 2024இல் 6.3 விழுக்காடும் இலாப ஈவு அறிவித்தது. எதிர்காலத்தில் வரவிருக்கும் தொகையை இத்தகைய வளர்ச்சி விகிதத்தைக் கொண்டு இன்றைய மதிப்புக்குக் குறைத்துப் பார்ப்பதைக் கழிவு கணக்கிடுதல் என்பர். 5.5 விழுக்காட்டைக் கழிவு விகிதமாகக் கொண்டால், மேலே 7 ஆண்டு என்று வந்த மீட்புக் காலம் 9 ஆண்டுகளைத் தாண்டிவிடுகிறது. ஆனாலும் 20 வயதில் படிப்பை முடிப்பவருக்கு 60 வயதுவரை 40 ஆண்டு உழைப்புக்காலம் உண்டு. ஒன்பது ஆண்டு போனாலும் முப்பது ஆண்டுக்கு மேல் மிஞ்சுகிறது. இளமையில் படிப்பதன் ஆதாயமே இதுதான்: செலவு சிறிய சம்பளத்தில் கணக்காகிறது, வரவு நீண்ட காலத்துக்குப் பரவுகிறது.

காகிதத்தில் இவ்வளவு தெளிவாகத் தெரியும் ஆதாயத்தைத் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் ஏன் விட்டுவிடுகிறார்கள் என்று கேட்டு, 'சமுதாயத்துக்குக் கல்வியில் அக்கறை இல்லை' என்று மேடையேறிச் சொல்வது எளிது. அது பெரும்பாலும் பொய்யும்கூட. அவர்கள் முன்னால் நிற்கும் எண்கள் வேறு. ஆலைகளில் கூடுதல் நேர வேலைக்கு, பேச்சு வழக்கில் ஓ.டி.க்கு, சாதாரண மணிச் சம்பளத்தைப் போல ஒன்றரை மடங்கு தரவேண்டும் என்பது சட்டம். 1,700 ரிங்கிட் மாதச் சம்பளத்தை 26 நாளாலும் 8 மணி நேரத்தாலும் வகுத்தால் மணிக்கு 8.17 ரிங்கிட், அதன் ஒன்றரை மடங்கு 12.26 ரிங்கிட். மாதம் 70 மணி நேரம் ஓ.டி. செய்யும் இளைஞர் 850 ரிங்கிட்டுக்கு மேல் கூடுதலாகப் பெற்று, 2,500 ரிங்கிட்டைத் தாண்டிய மொத்தச் சம்பளத்தைப் பார்க்கிறார். சட்டம் மாதத்துக்கு 104 மணி நேரம்வரை ஓ.டி.யை அனுமதிக்கிறது. பயிற்சி முடித்து வெளியே வரும் டெக்னீஷியனின் அடிப்படைச் சம்பளம் இதைவிடக் குறைவாகத் தெரியும்போது, 'படித்தவனைவிடப் படிக்காதவன் அதிகம் வாங்குகிறான்' என்ற முடிவுக்குப் பதினெட்டு வயதில் வருவது இயல்பே.

அந்த ஒப்பீட்டில் இரண்டு விடுபடல்கள் உள்ளன. முதலாவது, ஒருவருடைய எட்டு மணி நேரச் சம்பளத்தை மற்றொருவருடைய பதினொரு மணி நேரச் சம்பளத்தோடு ஒப்பிடுவது, டெக்னீஷியனும் ஓ.டி. செய்தால் 2,200 ரிங்கிட் அடிப்படையில் அவருக்கு மணிக்கு 15.87 ரிங்கிட் கிடைக்கும். இரண்டாவது, அதிகம் கவனிக்கப்படாதது: ஓ.டி. பணத்துக்குச் சேமநிதி பிடிப்பதில்லை. மாதம் 2,550 ரிங்கிட் வாங்கினாலும் அந்த இளைஞருக்குச் சேமநிதி கட்டப்படுவது 1,700 ரிங்கிட்டுக்கு மட்டுமே. 55 வயதில் சேமநிதிக் கணக்கைத் திறந்து பார்க்கும்போது, உடலைத் தேய்த்துச் சம்பாதித்த அந்த மணி நேரங்களின் தடயம் அதில் இருக்காது. ஆலைக்கு ஆர்டர் குறையும் மாதங்களில் முதலில் நிறுத்தப்படுவதும் ஓ.டி.தான்.

குறைந்தபட்சச் சம்பளம் உயர்ந்தது தோட்டப்புறக் குடும்பங்களுக்கு மறுக்கமுடியாத நன்மை. ஆயினும் இக்கணக்கில் அதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு. தீபகற்ப மலேசியாவில் 2013இல் 900 ரிங்கிட்டாகத் தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம், 2016இல் 1,000, 2019இல் 1,100, 2022இல் 1,500, 2025இல் 1,700 என்று பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய இருமடங்கானது. அடித்தளம் உயரும் வேகத்தில் அதற்கு அடுத்த தட்டின் தொடக்கச் சம்பளமும் உயராவிட்டால் இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசம் நசுங்குகிறது. அந்த வித்தியாசமே படிப்பின் வரவு என்பதை மேலே கண்டோம். படிப்பு பயனற்றுப் போய்விட்டது என்பது இதற்குப் பொருளாகாது. முதல் சம்பளத்தை வைத்துப் படிப்பை மதிப்பிடுவது முன்னைவிட இப்போது பெரிய பிழையாகிவிட்டது. ஆப்பரேட்டரின் சம்பளம் அரசாங்கம் உயர்த்தினால் உயர்கிறது. டெக்னீஷியனின் சம்பளம் அனுபவத்தாலும் கூடுதல் உரிமங்களாலும் உயரக்கூடியது. ஐந்தாம், பத்தாம் ஆண்டுகளில்தான் இருவரின் பாதைகளும் விலகித் தெரியத் தொடங்குகின்றன.

கல்வி ஏன் சம்பளத்தை உயர்த்துகிறது என்பதற்குப் பொருளியலில் இரண்டு விளக்கங்கள் நிலவுகின்றன. அமெரிக்கப் பொருளியலாளர் கேரி பெக்கர் 1964இல் வெளியிட்ட நூலில் விரிவாக்கிய 'மனித மூலதனம்' என்னும் கருத்தின்படி, படிப்பு என்பது இயந்திரம் வாங்குவதைப் போன்ற ஒரு முதலீடு. அது தொழிலாளியின் உற்பத்தித் திறனை உண்மையாகவே கூட்டுகிறது, ஆதலால் சம்பளமும் கூடுகிறது. மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் முன்வைத்த 'அடையாளக் குறி' விளக்கமோ, படிப்பு திறனைக் கூட்டாவிட்டாலும், இவர் பொறுமையும் ஒழுங்கும் உள்ளவர் என்று முதலாளிக்குக் காட்டும் முத்திரையாகச் சான்றிதழ் செயல்படுகிறது என்கிறது. இருவருக்கும் பின்னாளில் நோபல் பரிசு கிடைத்தது. பல்கலைக்கழகப் பட்டங்களில் எது எவ்வளவு என்பது தீராத வழக்கு. தொழில்நுட்பப் படிப்புகளில், குறைந்தபட்சம் மலேசியாவில், இந்த இரண்டையும் விட வலிமையான மூன்றாவது காரணம் ஒன்று செயல்படுகிறது: சட்டம்.

மின்சார வழங்கல் சட்டமும் 1994ஆம் ஆண்டின் மின்சார ஒழுங்குமுறைகளும், மின்னிணைப்பு வேலையைச் செய்பவரும் ஆலையின் மின்னமைப்பைப் பொறுப்பேற்று நடத்துபவரும் மின்சக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று பெற்றவராக இருக்கவேண்டும் என்கின்றன. முதலாமவர் வயர்மேன், ஒற்றைக்கட்ட இணைப்புக்கு ஒரு சான்றும் மும்முனை இணைப்புக்கு மற்றொரு சான்றும் அவருக்குத் தேவை. இரண்டாமவர் சார்ஜ்மேன்; தாழ்மின்னழுத்த அமைப்புகளுக்கு ஏ வகையும் உயர்மின்னழுத்த அமைப்புகளுக்கு பி வகையும் உள்ளன. கொதிகலனை இயக்குபவருக்கும் இதேபோல் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் சான்று வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கொதிகலன் புதிதன்று. செம்பனை எண்ணெய் ஆலை ஒவ்வொன்றிலும் பழத்தின் நாரையும் ஓட்டையும் எரித்து நீராவி உண்டாக்கி, அந்த நீராவியால் குலைகளை அவிக்கிறார்கள், மின்சாரமும் எடுக்கிறார்கள். அதைக் கவனித்துக்கொள்ளும் பாய்லர்மேன் இல்லாமல் ஆலை இயங்கமுடியாது. இத்தகைய வேலைகளில் முதலாளி தகுதியுள்ளவரை வைத்துக்கொள்வது அவருடைய விருப்பத்தைப் பொறுத்ததன்று, கட்டாயம். ஆள் விலகினால் அந்த இடத்தில் ஆப்பரேட்டர் ஒருவரை நிறுத்திச் சமாளிக்க முடியாது. குறைந்த சம்பளத்துக்குக் கிடைக்கும் அயல்நாட்டுத் தொழிலாளரை எளிதில் அமர்த்தவும் முடியாது. சம்பளப் பேரத்தில் இதற்கு இணையான பலம் வேறு எந்தச் சான்றிதழுக்கும் கிடையாது.

ஆகவே திவெட் படிப்புகளை ஒரே கூடையில் போட்டு 'இலாபமா, நட்டமா' என்று கேட்பது பயனற்ற கேள்வி. உரிமத்தில் போய் முடியும் மின்னியல், கொதிகலன், குளிரூட்டி, உருகிணைப்புப் படிப்புகளும், கார்பன் பிரேக் ஆலையும் லாரி ஆலையும் கேட்கும் இயந்திரப் பராமரிப்பு, தானியக்கக் கட்டுப்பாட்டுப் படிப்புகளும் ஒரு வகை. எந்த உரிமத்தையும் தராமல், அருகில் எந்த முதலாளியும் கேட்காமல், கவர்ச்சியான பெயரை மட்டும் தாங்கிய மேலாண்மை, மல்டிமீடியா டிப்ளோமாக்கள் மற்றொரு வகை. இரண்டாவது வகையைத் தனியார் கல்லூரியில் கடன் வாங்கிப் படிப்பதைப்போல ஓர் ஏழைக் குடும்பத்தின் முதுகை முறிப்பது வேறில்லை, எஸ்.பி.எம். முடிவு வெளிவந்த வாரத்தில் தோட்டத்து வீடுகளுக்குக் கையேடுகளோடு வரும் முகவர்கள் விற்க முனைவதும் பெரும்பாலும் இந்த வகையையே. அங்கீகாரத்தைச் சரிபார்ப்பது கடினமன்று. டிப்ளோமாவுக்கு மலேசியத் தகுதி நிறுவனத்தின் பதிவேடும், எஸ்.கே.எம். பயிற்சிக்குத் திறன் மேம்பாட்டுத் துறையின் பட்டியலும் பொதுமக்கள் பார்வைக்கு உள்ளன. அங்கீகாரம் இருப்பதனால் மட்டும் வேலை கிடைத்துவிடாது, ஆனால் அது இல்லாத படிப்புக்கு மேற்கொண்டு எந்தக் கதவும் திறவாது.

கடனைப் பற்றிச் சில சொற்கள். டிப்ளோமா, பட்டப்படிப்புகளுக்கு 1997இல் உருவான உயர்கல்வி நிதிக் கழகமான பி.டி.பி.டி.என். கடன் தருகிறது; திறன் பயிற்சிகளுக்கென 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த பி.டி.பி.கே. தனியாக உள்ளது. பி.டி.பி.டி.என். விதிக்கும் ஆண்டுக்கு 1 விழுக்காடு நிர்வாகக் கட்டணம் எந்த வங்கிக் கடனையும்விட மலிவு. கடன் மலிவாக இருப்பதால் படிப்பு மலிவாகிவிடுவதில்லை. மேலே சொன்ன 25,000 ரிங்கிட் கட்டணம் பத்தாண்டில் கட்டினாலும் 25,000 ரிங்கிட்டுக்குக் குறைவதில்லை. பெற்றோர் தங்கள் சேமநிதியிலிருந்து பிள்ளையின் உயர்கல்விக்குப் பணம் எடுக்கவும் வழி உண்டு. தோட்டத் தொழிலாளியின் சேமநிதி இருப்பு எவ்வளவு சிறியது என்பதை எண்ணிப் பார்த்தால், அரசாங்கக் கல்லூரியில் இடம் கிடைக்கும் பிள்ளைக்காக அதைக் கரைப்பதற்குக் காரணமே இல்லை.

செலவுப் பக்கத்தில் தோட்டப்புறத்துக்கே உரிய ஒரு வரி உண்டு, அதை எந்தக் கல்விக் கடன் விண்ணப்பமும் கேட்பதில்லை: வீடு. தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. தந்தை வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலோ இறந்துபோனாலோ, குடும்பத்தில் வேறொருவர் தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்யாவிட்டால் வீட்டைக் காலி செய்யவேண்டி வரும். அப்படிப்பட்ட குடும்பத்தில் மூத்த பிள்ளை படிக்கப் போவதன் வாய்ப்புச் செலவு 1,700 ரிங்கிட்டோடு நிற்பதில்லை. வெளியே எடுக்கவேண்டிய வாடகை வீட்டின் செலவும் அதில் சேர்கிறது. ஒரே வீட்டில் மூத்தவர் வேலைக்குப் போக, இளையவர் படிக்கும் வழக்கம் இதிலிருந்தே பிறந்தது. ஐம்பதுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டுதுண்டாக விற்றபோது வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. அந்த நெருக்கடியின் விளைவாக, அப்போதைய ம.இ.கா. தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் அமைத்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர்களின் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டங்களையே வாங்கியது. செண்டாயான் போன்ற இடங்களில் தோட்டம் துண்டாடப்படவில்லை, நகரமாக மாறிவிட்டது. நகரத்தில் வேலையோடு சேர்ந்து வீடு வருவதில்லை என்பதால், வீட்டுக் கடன் எடுக்கக்கூடிய நிலையான அடிப்படைச் சம்பளம் இந்தத் தலைமுறைக்குத் தேவைப்படுகிறது. வங்கிகள் ஓ.டி.யை முழுச் சம்பளமாக மதிப்பதில்லை.

படிப்பை இடையில் விட்டுவிடும் ஆபத்தையும் கணக்கில் சேர்க்கவேண்டும். ஓராண்டு படித்துவிட்டு விலகுபவர் 23,000 ரிங்கிட் சம்பளத்தை இழந்தும் சான்றிதழின் பயனைப் பெறுவதில்லை. தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசிய மொழி இடைநிலைப்பள்ளிக்குப் போய்த் தடுமாறிய பிள்ளை, தேசிய மொழியில் நடக்கும் தொழில்நுட்ப வகுப்பிலும் முதல் பருவத்திலேயே சோர்ந்துபோகலாம். பெரும்பாலான வகுப்புகளில் தன்னைப்போல் ஓரிருவரே இருப்பதும் ஒரு பாரம். இதற்காகவே இந்திய இளைஞர்களை மனத்தில் கொண்டு இயங்கும் உறைவிடப் பயிற்சிகள் சில உருவாயின. உலு சிலாங்கூரின் களும்பாங்கில் வளாகம் கொண்ட மைஸ்கில்ஸ் அறவாரியம், பள்ளியிலிருந்து விலகிய பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சி அளிக்கிறது. கபிரியேல் சபைச் சகோதரர்கள் நடத்தும் ஷா ஆலாம் மொண்ட்ஃபோர்ட் இல்லம், இன வேறுபாடின்றி ஏழைப் பிள்ளைகளுக்குப் பல பத்தாண்டுகளாக இதே பணியைச் செய்துவருகிறது. நீல அடையாள அட்டை இல்லாத பிள்ளைகளின் நிலை தனி. பிறப்புப் பதிவில் நேர்ந்த குறையால் குடியுரிமை கிடைக்காமல் நிற்கும் இவர்களுக்கு அரசாங்கக் கல்லூரி இடமும் அரசாங்கக் கடனும் இல்லை. அவர்களைப் பொறுத்தவரை முதல் முதலீடு படிப்பன்று, பதிவிலாகா விண்ணப்பம்.

வாய்ப்புச் செலவைக் குறைக்கும் வழிகளும் இதே கல்வி முறைக்குள் இருக்கின்றன, அவை போதிய அளவு பேசப்படுவதில்லை. ஒன்று, மூன்றாம் படிவத்தோடு தொழிற்கல்லூரியில் சேர்வது. அங்கே முதல் இரண்டாண்டுச் சான்றிதழ் படிப்பு நான்காம், ஐந்தாம் படிவங்களின் இடத்தில் அமைவதால், டிப்ளோமாவுக்கான அடுத்த இரண்டாண்டில் மட்டுமே சம்பளம் இழக்கப்படுகிறது. பத்தொன்பது அல்லது இருபது வயதில் டிப்ளோமா கைக்கு வந்துவிடும். இதன் எதிர்விலை, பதினைந்து வயதிலேயே பாதையை முடிவு செய்துவிட நேர்வதும், எஸ்.பி.எம். தேர்வை முழுமையாக எழுதாமல் தேசிய மொழி, வரலாறு ஆகிய தாள்களோடு நிறுத்திக்கொள்வதும் ஆகும். மேற்கொண்டு பட்டம் படிக்க விரும்பினால் மலாக்கா, பத்து பகாட், பெர்லிஸ், பகாங் ஆகிய இடங்களில் உள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் நான்கும் இந்தப் பாதையில் வருபவர்களை ஏற்கின்றன.

மற்றொன்று, ஜெர்மனியின் இரட்டைப் பயிற்சி முறையைப் பின்பற்றி 2005இல் தொடங்கப்பட்ட எஸ்.எல்.டி.என். எனப்படும் தேசிய இரட்டைப் பயிற்சித் திட்டம். இதில் பயிற்சியின் 70 முதல் 80 விழுக்காடு வேலையிடத்திலேயே நடக்கிறது, எஞ்சியது மட்டுமே வகுப்பில். பயிலுநருக்குப் பயிற்சிக் காலத்தில் உதவித்தொகையும் கிடைக்கிறது. 46,000 ரிங்கிட் இழப்பு என்று மேலே கணக்கிட்ட தொகையைப் பெருமளவு குறைக்கும் வழி இது. ஜெர்மனியில் இம்முறை வேரூன்றியதற்குக் காரணம், அங்கே முதலாளிகளே பயிலுநரைத் தேடி எடுக்கிறார்கள் என்பது. மலேசியாவில் முன்வரும் ஆலைகள் குறைவு. பயிற்சி கொடுத்து முடித்ததும் ஆள் பக்கத்து ஆலைக்குப் போய்விடுவான் என்ற கவலை அவர்களுக்கு. செண்டாயான் டெக்வேலி போன்ற புதிய தொழிற்பேட்டைகளின் நிலத்துக்கும் சாலைக்கும் சலுகைகளை ஏற்பாடு செய்யும் மாநில அரசு, அச்சலுகைகளோடு இத்தனை பயிலுநர் இடங்கள் என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்தால் அது சுற்றுவட்டாரத் தோட்டக் குடும்பங்களுக்கு எந்த உபகாரச் சம்பளத்தையும்விடப் பெரிதாக உதவும். 2024இல் வெளியிடப்பட்ட தேசியத் திவெட் கொள்கை 2030 தொழில்துறையின் பங்கேற்பை வலியுறுத்துகிறது. அந்தப் பங்கேற்பு வட்டார அளவில் எண்ணிக்கையாக மாறும்போதுதான் அதற்குப் பொருள்.

இரண்டாண்டையும் ஒதுக்கவே முடியாதவர்களுக்கு, குறிப்பாகப் பதினெட்டு வயதில் வேலைக்குப் போய் இப்போது முப்பதைத் தொட்டுக் குடும்பம் நடத்துபவர்களுக்கு, 'முன்சாதனை அங்கீகாரம்' என்னும் வழி உள்ளது. பட்டறையிலோ ஆலையிலோ ஆண்டுக்கணக்கில் செய்த வேலையைப் புகைப்படங்கள், வேலைப் பதிவுகள், மேற்பார்வையாளரின் உறுதிமொழி ஆகியவற்றோடு கோப்பாகத் தொகுத்துத் திறன் மேம்பாட்டுத் துறையின் மதிப்பீட்டாளரிடம் காட்டி, வகுப்புக்குப் போகாமலேயே எஸ்.கே.எம். சான்றிதழ் பெறலாம். கையில் தொழில் இருந்தும் காகிதம் இல்லாத தோட்டத்துப் பிட்டர்களும் லாரிப் பட்டறை மெக்கானிக்குகளும் நெகிரி செம்பிலான் முழுதும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் செலவு, கோப்பைத் தயாரிக்கும் சில மாத மாலை நேரங்களும் மதிப்பீட்டுக் கட்டணமுமே. சம்பளம் ஒரு நாளும் நிற்பதில்லை. கோப்பு தேசிய மொழியில் எழுதப்படவேண்டும் என்பதால் அங்கே இடறுபவர்கள் மிகுதி. ஆலயக் குழுக்களும் தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கங்களும், மாதம் ஒரு மாலை உட்கார்ந்து அந்தக் கோப்பை எழுதித்தர ஆள் ஏற்பாடு செய்தால் போதும். அதற்கு மானியமும் தேவையில்லை.